அறுபத்திரண்டாம் பக்கத்தில் தொடர்ச்சி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல்லி மேலே விழுந்தால் தெருவையே கூட்டிவிடுவேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று எடுப்பதற்குள் வியர்த்துப்போகும். வீட்டில் எல்லோரும் என்னைக் கேலி செய்வதும் இதற்காகத்தான். ஆனால் அந்தப் புதன்கிழமை வந்த பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்தான்.

கழக்கூட்டத்தில் தேசிய நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் ஒரு தெருவில் சின்ன நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இரண்டு அறை நிறைய மலையாளப் புத்தகங்கள், ஜன்னலோரம் ஒரே ஒரு தமிழ் பீரோ. ஐடி பார்க் பிள்ளைகள் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தமிழ் பீரோவைத் திறப்பவர்கள் ஓட்டலில் பரோட்டா அடிக்கிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹாஸ்டல் சமையலறைகளில் நிற்கும் பெண்கள். எல்லோரும் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம். எங்கள் குடும்பமும் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்ததுதான். நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை அம்மா வாங்கிய வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டித்தான் கற்றுக்கொண்டேன். அது போதும் என்று பீரோவை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

புத்தகம் வாங்குவதை முடிவு செய்வது கமிட்டி. ஏழு பேர். ஏழு பேருக்கும் தமிழ் பேசினால் புரியும், எழுத்தைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. நான் வருவதற்கு முன்பு ஒரு வியாபாரி விற்காமல் கிடந்ததையெல்லாம் தமிழ்ப் புத்தகம் என்று மூட்டையாகக் கட்டித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பத்திரிகையில் மதிப்புரை வந்திருந்தால்தான் தமிழ்ப் புத்தகம் வாங்கலாம். நான் மதிப்புரையைக் கத்தரித்து வெள்ளைத்தாளில் ஒட்டி, அடியில் மலையாளத்தில் மூன்று வரி எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். என் மூன்று வரியைப் படிப்பாரோ மாட்டாரோ, மதிப்புரையின் நீளத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பார். ஒரு சாண் இருந்தால் ஒரு காப்பி. முழுப் பக்கமும் அட்டைப் படமும் இருந்தால் இரண்டு காப்பி. "இது கொள்ளாம்", நன்றாக இருக்கிறது, என்று தலையாட்டினால் முடிந்தது, மற்ற ஆறு தலைகளும் ஆடிவிடும். ஒரு நாவலை நார் நாராகக் கிழித்து எழுதியிருந்த முழுப்பக்க மதிப்புரை ஒன்றைச் சும்மா வேடிக்கைக்காக நீட்டிப் பார்த்தேன். அதற்கும் இரண்டு காப்பி கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். 

ஓணம் விடுமுறைக்கு முந்தைய கூட்டத்தன்று என்னிடம் நாலு புத்தகங்களுக்கான மதிப்புரைகள்தான் இருந்தன. ஐந்தாவது வேண்டும். கூட்டத்துக்கு அரைமணி நேரம். ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். சர்க்கரை நோய் பற்றிய ஒரு புத்தகத்துக்கு முழுப் பக்க மதிப்புரை, நடுவில் பச்சை நிறத்தில் அட்டைப் படம். மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினேன். மதிப்புரையை எழுதியவர் ஒரு டாக்டர். எளிய நடை, நடைப்பயிற்சி பற்றிய அத்தியாயம் அருமை, பாதத்தைப் பராமரிக்கும் முறையை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றெல்லாம் இருந்தது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், தொடர்ச்சி 62ஆம் பக்கம். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டினேன். சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய புத்தகம் என்று மலையாளத்தில் எழுதினேன். அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. தலைவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு காப்பி.

புத்தகம் வந்தது. முத்திரை குத்தி, எண் போட்டு, பீரோவில் வைத்தேன். அதையும் திறந்து பார்க்கவில்லை.

அதை எடுத்துப்போனவர் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்பவர். வள்ளியூர்ப் பக்கம். கணவர் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளோடு ஹாஸ்டலுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையல் முடிந்ததும் கையில் மஞ்சள் கறையோடு வருவார், புத்தகத்தைத் தொடுவதற்கு முன் கையைச் சேலையில் இரண்டு முறை துடைப்பார். முதலில் என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிட்டார். நான் தமிழ் என்று தெரிந்ததும் அக்கா ஆகிவிட்டேன்.

அந்தப் பச்சை அட்டையைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். "அக்கா, இது நல்ல புஸ்தகமாக்கா? எம்பிள்ளைக்குச் சின்னதிலேயே சுகர் வந்துட்டு. நாளுக்கு நாலு மட்டம் ஊசி. ஊசியக் கண்டாலே அழுது."

"நல்ல புத்தகம்தான்" என்றேன். "பெரிய பத்திரிகையில டாக்டரே முழுப் பக்கம் எழுதியிருக்கார். கமிட்டி ரெண்டு காப்பி வாங்கியிருக்கு. சும்மா வாங்குவாங்களா?"

இதைச் சொல்லிக்கொண்டே இஷ்யூ ரெஜிஸ்டரில் எழுதினேன். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

அதற்குப் பதினேழு நாள் கழித்து வந்ததுதான் அந்தப் புதன்கிழமை. காலையில் பழைய பத்திரிகைகளைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தூக்கியபோது நடுவில் ஓட்டை. நான் கத்தரித்த பத்திரிகை. விட்டுப்போன கதையின் முடிவைப் பார்ப்பதுபோல விளையாட்டாகத்தான் அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

மீதி மதிப்புரை அங்கே இருந்தது. இவ்வளவு நேரம் பாராட்டியதற்குக் காரணம் உண்டு என்று அந்த டாக்டர் ஆரம்பித்திருந்தார். மற்ற அத்தியாயங்கள் நன்றாக இருப்பதால்தான் ஒன்பதாம் அத்தியாயம் ஆபத்தானது, ஏனென்றால் படிப்பவர் அதற்குள் ஆசிரியரை நம்பியிருப்பார் என்று எழுதியிருந்தார். ஒன்பதாம் அத்தியாயம் இன்சுலினை இருபத்தொரு நாள் நிறுத்திவிட்டு இலைச்சாறு குடிக்கச் சொல்கிறதாம். குழந்தைகளுக்கும் அதையே சொல்கிறதாம். பிறவியிலோ சிறு வயதிலோ வரும் சர்க்கரைக்கு ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போய்விடும், இந்தப் புத்தகத்தை யாரும் வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் கொளுத்திவிடுங்கள் என்று முடித்திருந்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அந்த டாக்டர்மேல். அட பாவி மனுஷா, இதை முதல் வரியில் சொன்னால் என்ன? ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்துவிட்டு உயிர் போகிற விஷயத்தை யாராவது அறுபத்திரண்டாம் பக்கத்தில் வைப்பார்களா? கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்தப் பத்திரிகைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு காப்பி பீரோவில் இருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். டாக்டர் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. ரெஜிஸ்டரைப் பார்த்தேன். இன்னொரு காப்பி அந்த ஹாஸ்டல் சமையல்காரரிடம். தேதி தாண்டி மூன்று நாள் ஆகியிருந்தது. ஒருநாள்கூடத் தாமதிக்காதவர்.

போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப் என்று மலையாளத்தில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. ஊசியை நிறுத்தாதீங்க, அந்தப் புத்தகம் தப்பு, உடனே கூப்பிடுங்க என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்து அனுப்பினேன். ஒற்றை டிக். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் ஒற்றை டிக்.

நூலகத்தைப் பூட்டிவிட்டு ஹாஸ்டலுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன்தான், நாற்பத்தாறு வயதில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சர்வீஸ் ரோடில் எதிர்ப்புறமாக. ஹாஸ்டலில் மேட்ரன் வெங்காயக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளு லீவிலாணு. ஒம்பது திவசமாயி" என்றார். லீவில் போய் ஒன்பது நாள் ஆகிவிட்டதாம். மகளுக்கு ஏதோ சிகிச்சையாம், பொன்முடி மலைக்குப் போகும் வழியில் கல்லாறில் அவருடைய அக்கா வீட்டில் தங்கிச் செய்யப்போகிறாராம், மொத்தம் இருபத்தொரு நாள் லீவு கேட்டிருக்கிறார்.

இருபத்தொன்று என்ற சொல்லைக் கேட்டதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தண்ணி வேணுமா என்று மேட்ரன் கேட்டது நினைவிருக்கிறது. கல்லாறில் எங்கே என்று கேட்டேன். பாலத்துக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு டீக்கடை இருக்கிறது, அதற்கு மேல் தெரியாது, அங்கே ரேஞ்சும் கிடைக்காது என்றார்.

போத்தன்கோடு வழியாக நெடுமங்காட்டுக்கு ஒரு பஸ். அங்கே முக்கால் மணி நேரம் நின்று பொன்முடி பஸ். ஒரு டாக்ஸி பிடித்திருக்கலாம் என்பது நெடுமங்காட்டில் நிற்கும்போதுதான் உறைத்தது. பயந்த புத்தி பழகின வழியில்தான் போகும்போலிருக்கிறது. போலீசில் சொல்லலாமா என்றும் யோசித்தேன். யோசித்த உடனே, சொன்னால் முதலில் என்னைத்தானே கேட்பார்கள் என்று தோன்றியது. போனை எடுத்தேன், திரும்பப் பைக்குள் போட்டேன். இதை எழுதுவதற்கே கூசுகிறது. ஒரு குழந்தையின் உயிர் ஒரு பக்கம், என் வேலை ஒரு பக்கம் என்று அந்த பஸ் ஸ்டாண்டில் நின்று நான் எடை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டுக்குச் சில்லறை தேடியபோது பைக்குள் ஒரு வெள்ளைத்தாள் மடித்து இருந்தது. நான் மதிப்புரை ஒட்டி மூன்று வரி எழுதிய அதே தாள். நூலகத்தைப் பூட்டும்போது ஃபைலிலிருந்து உருவி எடுத்திருக்கிறேன். எப்போது எடுத்தேன் என்பதே தெரியவில்லை. உயிர் நடுங்குகிற நேரத்திலும் கை தடயத்தை அழிக்கப் பார்த்திருக்கிறது. அடுத்த வாரம் அதை ஃபைலில் திரும்ப வைத்துவிட்டுக் கமிட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அது வேறு கதை. அன்றைக்கு அது பைக்குள்தான் இருந்தது.

விதுரா தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. மலைக்குப் போகும் இரண்டு எஸ்டேட் பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து யாரோ ஒருவரின் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டே வந்தார்கள். எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள். சில நாட்களில் என்று டாக்டர் எழுதியிருந்தார். சில என்றால் எத்தனை? மூன்றா, ஐந்தா? ஒன்பது சிலவில் சேருமா? போனை எடுத்துப் பார்த்தேன். ஒற்றை டிக். அதற்குப் பிறகு ரேஞ்ச் போய்விட்டது.

கல்லாறில் பாலத்துக்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். ரோட்டோரம் வரிசையாகக் கடைகள், உப்பிலிட்ட நெல்லிக்காயும் மாங்காயும் பாட்டில் பாட்டிலாக. ஆற்றில் சுற்றுலா வந்தவர்கள் கூச்சல் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடை எங்கே என்று ஒருவரிடம் கேட்டேன், பாலத்தைத் தாண்டி இரண்டாவது என்று கை காட்டினார். நான் நடக்கவில்லை. தூரத்திலிருந்தே வாசலைப் பார்த்தேன். நாலு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. சாவு வீட்டுக்கு முதலில் வந்து இறங்குவது அந்த நாற்காலிகள்தான். எனக்குக் காது அடைத்துவிட்டது. திரும்பிப் போய்விடலாம், இன்னும் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஒரு பெண் கடைக்குள்ளிருந்து வந்து, அந்த நாற்காலிகளில் ஒன்றை உருவி, குளித்துவிட்டு வந்த ஒருவருக்கு உட்காரப் போட்டார். டீக்கடை. டீக்கடைக்கு நாற்காலி இருக்காதா? மூச்சு திரும்பி வந்தது. கடையை நோக்கி நடந்தேன்.

பாய்லருக்குப் பின்னால், கடையின் உள்பக்கம், அவர் தரையில் உட்கார்ந்து நெல்லிக்காயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெஞ்சில் அந்தப் பிள்ளை. ஸ்வெட்டர் போட்டு, சுவரில் சாய்ந்து, கன்னம் ஒட்டிப்போய், ஒரு ரப்பர் பேண்டைக் கையில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது. புறங்கையில் பிளாஸ்திரி, அதைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. உயிரோடு இருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"அய்யோ அக்கா, நீங்களா? எப்படி வந்திய?" அவர் பதறி எழுந்தார். "புஸ்தகம் தேதி தாண்டிட்டுன்னா இவ்வளவு தூரம் வந்திய?"

 பிள்ளையைக் கை காட்டினேன்.

அவர்தான் சொன்னார். ஊசியை நிறுத்தி இரண்டாம் நாளே பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறது. வயிற்றுவலி, வாந்தி. நோய் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். மூன்றாம் நாள் காலை மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியிருக்கிறது, கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. பொன்முடி பார்க்க வந்த யாரோ ஒரு குடும்பம் தங்கள் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு நெடுமங்காட்டுக்கு ஓட்டியிருக்கிறார்கள், அங்கிருந்து ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரி. நாலு நாள் அங்கே. முந்தாநாள்தான் விட்டார்கள். இப்போது நாலு வேளையும் ஊசி தவறாமல் போகிறது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கொண்டுவந்தும் பயனில்லை என்று டாக்டர் திட்டினாராம்.

இதையெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நெல்லிக்காயைப் பார்த்துச் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அட்டை கசங்காமலிருக்கச் செய்தித்தாளில் பொதிந்து வைத்திருந்தார்.

"பிழை என்மேலதான்க்கா" என்றார். "அதுல சொன்ன இலை ஒண்ணு இங்க கெடைக்கல. அதே மாதிரி இருக்குன்னு வேற ஒண்ணு பறிச்சு அரைச்சேன். நாம ஒழுங்காச் செய்யாம புஸ்தகத்தக் குத்தம் சொல்லலாமா?"

அப்பாடா, தப்பித்துவிட்டேன். அதைத்தான் உணர்ந்தேன், ஒளிக்க மாட்டேன். அவர் என்மேல் பழி போடவில்லை. புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் வாழ்நாள் முழுக்க அந்த இலையை நினைத்து அவர் தன்னைத்தானே அடித்துக்கொண்டிருப்பார். ஊசி போட்டு அழும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், சரியான இலை கிடைத்திருந்தால் என்று நினைப்பார். ஒருநாள் அந்த இலை கிடைத்தும் விடலாம். அதை நினைத்ததும் பஸ்ஸில் வந்த பயத்தைவிடப் பெரிய பயம் வந்தது.

"இலையில ஒண்ணும் இல்ல" என்றேன். "எந்த இலை போட்டாலும் இதுதான் நடந்திருக்கும். ஊசியை நிறுத்தச் சொன்னதே தப்பு. அந்த மதிப்புரையிலயே அப்படித்தான் போட்டிருந்தது. பாதிதான் நான் பார்த்தேன். மீதிய இன்னிக்குத்தான் படிச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. "மதிப்புரைய விடுங்கக்கா. புஸ்தகத்த நீங்க படிச்சியள்லா?"

"இல்ல."

"ஒரு பக்கம் கூடவா?"

"ஒரு பக்கம் கூட."

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். பிள்ளை ரப்பர் பேண்டை இழுப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் அத மூணு மட்டம் படிச்சேன்" என்றார். குரல் உயரவே இல்லை. "மூணு மட்டம் படிச்சும் எனக்கு மனசு ஒப்பல. புள்ளைக்கு ஊசிய நிறுத்துறதுன்னா பயமில்லையா? அக்கா படிச்சவங்க, தெரியாமலா நல்ல புஸ்தகம்னு சொல்லுவாங்கன்னுதான் அன்னிக்கு ஊசிய எடுத்து உள்ள வெச்சேன்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிச்சிருங்க என்று சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் மணி பார்த்துவிட்டு, பிள்ளையைத் திருப்பி உட்காரவைத்து, ஊசி டப்பாவைத் திறந்தார். பிள்ளை அழ ஆரம்பித்தது.

பொன்முடியிலிருந்து இறங்கும் பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவருடைய அக்கா டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் அம்மா என்னைப் போகச் சொல்லவில்லை. ஒரு டீ குடிங்கக்கா என்றும் சொல்லவில்லை.